ஒண்டியின் வேட்டை

"பெட்டியை ஏத்திடட்டுமா அக்கா? எல்லாருதும் ஏத்தியாச்சு. உன்னுது ஒண்ணுதான் வழியை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

"கெடக்கட்டும். அவன் வந்துட்டுப் போகட்டும்" என்றாள் சமையற்காரி.

வெல்டர் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டான். சுரங்கத்தை மூடியாயிற்று. கடைசி விண்கப்பல் களத்தில் உறுமிக்கொண்டிருந்தது. முப்பது பேருக்கு ஆக்கிப்போட்ட அடுப்பு சாம்பலோடு கிடந்தது.

"ஒண்டி உன்னைத் தடுப்பான்னு பாக்கறியா? அதுக்கு மனுசனா இருக்கணும்க்கா."

"ஒரு மனுசனோட பன்னெண்டு வருசம் இருந்து பாத்தவதான் நான். 'இரு'ன்னு இவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். இருந்துடறேன்."



ஒண்டி என்பது சுரங்கத்து ஆட்கள் வைத்த பெயர். அந்தக் கிரகத்து வேட்டை வீரன். இரண்டு ஆள் உயரம், உடம்பெல்லாம் கருத்த செதில், ரத்தம் பட்டால் நீலமாக எரியும் ஈட்டி. அவன் இனத்தில் மலைக்கு ஒருவன்தான் இருப்பானாம். சுரங்கத்துக்குள் புகுந்த பாறைமிருகத்தை அவன் பல்லாலேயே கிழித்த அன்று ஆண்கள் எல்லாரும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள். இவள்தான் வெந்நீர் கொண்டுபோய் அவன் விலாவில் இருந்த காயத்தைக் கழுவினாள்.

மறுநாள் காலையிலிருந்து சமையலறையின் பின்வாசலில் வேட்டை வந்து விழுந்தது. போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பான். இவள் அறுத்துக் கறியை எடுத்துக்கொண்டு, சட்டிக்கு ஆகாத தலையை அவனிடம் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு மலையேறிவிடுவான். நம் பேச்சு அவனுக்குப் புரியும். தண்ணி, உப்பு என்று இரண்டொரு வார்த்தை சொல்லவும் வரும்.

"அவன் தலைக்காக வர்றான்க்கா. வீரன் இல்லையா, குகை நிறைய அடுக்கி வெச்சிருப்பான். நமக்குக் கறி, அவனுக்குத் தலை. அவ்வளவுதான் கணக்கு."

"வாங்கறப்போ அவன் கை நடுங்குது. நீ பாத்திருக்கியா?"

"பசியா இருக்கும்."

"போடா."

பின்வாசலில் தொப்பென்று சத்தம் கேட்டது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

இன்றைக்கு மூன்று கொம்பு மிருகம். அவன் தோளில் புதுக்காயம். எப்போதும் போலப் பத்தடி தள்ளி நின்றான். அவள் அறுத்தாள். கறியைத் தின்ன ஆளில்லை, இருந்தும் அறுத்தாள். தலையை இரண்டு தண்ணீரில் கழுவி, கொம்புகளை எண்ணெய் தொட்டுத் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"இன்னைக்கு நான் போறேன்" என்றாள்.

மஞ்சள் கண்கள் அவளையே பார்த்தன. வாய் லேசாகத் திறந்து மூடியது. தலையை வாங்கிக்கொண்டு திரும்பினான். மலைத் திருப்பத்தில் மறையும்வரை அவள் நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஏத்துடா பெட்டியை" என்றாள்.

கப்பல் மேகத்தைத் தாண்டியதும், பக்கத்து இருக்கையில் இருந்த மொழிபெயர்ப்புக்காரி பேச்சுக் கொடுத்தாள். ஒப்பந்தத்தை முடித்துவைக்க இன்று காலையில்தான் வந்திறங்கியவள். கிரகத்து மொழியெல்லாம் படித்தவள்.

"அந்த வீரன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனதைப் பாத்தேன். என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. வேட்டையைப் போட்டான். தலையைக் குடுத்தேன். போயிட்டான்."

"திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"ஏன்?"

"அவங்க வேட்டையை ஒரு பொண்ணு வாசல்ல கொண்டுவந்து வெச்சா, 'என்கூட வாழ வர்றியா'ன்னு கேக்கறதா அர்த்தம். தலையை அவ வெச்சுக்கிட்டா சம்மதம். திருப்பிக் குடுத்துட்டா, 'நீ வேண்டாம்'."

சமையற்காரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே மேகம்தான் இருந்தது.

"விடுங்கக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்? ரொம்ப ரோசக்கார இனம். ஒரு தடவை தலை திரும்பி வந்தா, செத்தாலும் அவகிட்ட மறுபடி கேக்க மாட்டாங்க."

"தினமும் குடுத்தேம்மா" என்றாள் அவள். "ஆறு வருசமா."