மூன்று பூனையும் ஒரு மாப்பிள்ளையும்

சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் லிங்கம். எதிரே மருமகன் சுஜித். பக்கவாட்டு நாற்காலியில் லிங்கத்தின் மச்சினன் அழகியநம்பி, அடுக்களை வாசலில் சாய்ந்தபடி மனைவி கிருஷ்ணவேணி. கூடத்தின் நடுவில், மூட மறுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதைப் பூட்டிக்கொண்டிருந்தாள் மகள் ஸ்ரீப்ரியா. பிரிட்ஜின் மேல் ஒன்றும் ஜன்னல் விளிம்பில் இரண்டுமாக மூன்று பூனைகள்.

"சனிக்கிழம ஃபிளைட். இன்னைக்கு வியாழன்," என்றார் லிங்கம். "அங்க தங்கதுக்கு வீடு எப்பிடின்னு கேட்டீங்களா மாப்பிள்ள?"

"போனாத் தெரிஞ்சிரும் மாமா."

"மழ எப்பம் பெய்யும், ஆசுபத்திரி எங்க இருக்கு, அதாவது தெரியுமா?"

"சாரமில்ல மாமா. போய்ப் பாத்துக்கிடலாம்."

"கல்லாத்துக்குக் குளிக்கப் போனப்பம் துண்ட மறந்த ஆளுல்லா," என்றார் அழகியநம்பி. "இப்பம் மாலத்தீவு. நாலு பக்கமும் தண்ணி. துண்டு மட்டும் மறந்திராதீங்க மாப்ள."

கிருஷ்ணவேணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சுஜித் பிரிட்ஜின் மேலிருந்த பூனையைப் பார்த்தான்.

வேலை வெட்டியில்லாமல் இரண்டு வருடமாக மாமனார் வீட்டில் இருந்தான் அவன். பட்டம் ஜங்ஷனில் உள்ள ஒரு ஏஜென்சி, ஏதோ தீவு ஓட்டலில் ஸ்டோர் கீப்பர் வேலை என்று கூப்பிட்டபோது, இந்த மாப்பிள்ளையைக்கூட வேண்டுமென்று சொல்ல ஒருவன் இருக்கிறானே என்று லிங்கத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வாராது வந்த வேலை கைநழுவக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. ஆனால் மாப்பிள்ளையோ பூனைகளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று நின்றான்.

"வேலைக்குப் போற மனுசன் பூச்சைய இடுப்புல தூக்கிட்டா போவான்? வாசல்லயே திருப்பி அனுப்பிருவான்."

"அவங்க சரின்னுதான் சொன்னாங்க மாமா. வீடியோ கால்ல மொதல்ல பூனைகளத்தான் காட்டச் சொன்னாங்க."

"ஒங்களக் களியாக்கிருக்கான் அவன். கேலி பண்ணுதான்னுகூட வெளங்கல. பெரிய பாரசீகப் பூச்ச பாரு. சாலைக் கம்போளத்துல அரிசி குடோன்ல பெத்துப் போட்ட சவம்."

சுஜித் எழுந்தான். பூனைகளுக்கு ஊசி போடவேண்டியது பாக்கி என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவனாக, மூன்றையும் கூடைக்குள் திணித்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனான்.

பெட்டி மறுபடியும் வாயைப் பிளந்தது. உள்ளே முழுக்க மாப்பிள்ளையின் சட்டைகள்.

"உனக்க துணி எங்கட்டி?"

"நாளைக்கு வைக்கேன்ப்பா."

"ஆபீசுல ராஜினாமா லெட்டர் குடுத்தியா?"

"நாளைக்கு."

பட்டத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் போன மாதந்தான் மேனேஜர் ஆகியிருந்தாள். புருஷனுக்கேற்ற பெண்டாட்டி, இரண்டுக்கும் முன்யோசனை என்பதே கிடையாது என்று லிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். அந்த வீட்டில் யாருக்கு எந்தக் காரியம் என்றாலும், யாரும் கேட்காமலே அவர்தான் கடிதம் எழுதுவார். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கடிதம், கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டாலும் கடிதம்.

ஏஜென்சிக்கு ஆங்கிலத்தில் எழுதி முடித்து, மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார்: "என் மருமகன் குறித்த நாளில் வேலையில் சேருவார். பூனைகள் வரமாட்டா. அவற்றால் தங்களுக்கு இதுவரை நேர்ந்த தொந்தரவுக்கு வருந்துகிறேன்." கையெழுத்துக்குக் கீழே 'மாமனார்' என்றும் போட்டார்.

"மாப்பிள்ள வந்து சத்தம் போட்டா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"யாரு, அவரா?" அழகியநம்பி சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

ஸ்ரீப்ரியா எழுந்து வந்தாள். "எனக்கு அரை நாள்தான் லீவு. ஏஜென்சி என் ஆபீசுக்கு அடுத்த பில்டிங்தான? போற வழில நானே குடுத்திருதேன்ப்பா."

கடிதத்தை நிதானமாக ஒருமுறை வாசித்தாள். உறையில் போட்டு, பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"நல்லா எழுதிருக்கீங்கப்பா."

இந்த வீட்டில் தன் கடிதத்தைப் பற்றி ஒருத்தர் நல்ல வார்த்தை சொல்லி லிங்கம் கேட்டதில்லை. அவளை வழியனுப்ப கேட் வரைக்கும் கூடவே போனார். அவள் ஸ்கூட்டர் புறப்படவும், சுஜித்தின் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"மாப்பிள்ள, இனி ஒரு கவலையும் வேண்டாம்," என்றார். "பூச்ச வராது, ஆளு மட்டுந்தான் வருவாருன்னு எழுதி, இந்தா, இப்பந்தான் குடுத்துவிட்டேன்."

சுஜித் கூடையை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"மாமா, அந்தத் தீவுல எலித் தொல்ல. அவங்க வேலைக்கு எடுத்ததே பூனைகளத்தான். தீனி போட ஒரு ஆளு வேணும்னு என்னையும் சேத்துக்கிட்டாங்க. சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னுதான் ஸ்டோர் கீப்பர்னு சொன்னேன்."

லிங்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டார். தெருமுனையில் ஸ்கூட்டர் பட்டத்துக்குப் போகும் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இத ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கப்பிடாதா மாப்பிள்ள?"

"ஸ்ரீப்ரியாகிட்ட சொன்னேனே மாமா."