விசில் வரும் இடம்

"வயரை நீயே புடுங்குறியா, இல்ல நான் வெட்டிப் போடட்டுமா?"

கையில் கத்தரிக்கோலோடு பட்டறை வாசலில் நின்றாள் வீட்டுக்காரம்மா. அவளுக்குப் பின்னால் மாடிப்படி இறங்கி வந்த அவள் கணவர் காதைத் தடவிவிட்டு அந்தக் கையைச் சட்டைப் பையில் விட்டு எடுத்தார். சாட்சிக்காக இழுத்து வரப்பட்ட மனிதர், பாவம்.

மெக்கானிக் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தான். மேஜை மேல் ஒரு பழைய வால்வு ரேடியோ வயிறு திறந்து கிடந்தது. பக்கத்தில் ஆசிலேட்டர். ரேடியோவுக்குள் 'கூ' என்று ஒரு சத்தத்தை அனுப்பி, கோளாறு எங்கே என்று தேட உதவும் பெட்டி. வீட்டுக்காரம்மாவுக்கு இந்த உலகத்தில் ஜென்ம விரோதி யாராவது உண்டு என்றால் அது அந்தப் பெட்டிதான்.

"என்னம்மா இது, கத்தரிக்கோலும் கையுமா?"

"பின்னே, பூச்செண்டோடவா வருவாங்க? என் மக வந்துட்டுப் போனதுலேர்ந்து இதே ரோதனை. நான் வாயைத் திறந்தா போதும், காதுல ஊசி குத்துற மாதிரி ஒரு விசில். நான் பேசவே கூடாதுன்னு வேணும்னே பண்றியா?"

"இந்தப் பெட்டிக்கு ஏதும்மா வாய்? ரேடியோ வழியாதான் சத்தம் வெளியே வரும். ரேடியோவே செத்துக் கிடக்கு, பாருங்க."

"அப்போ இது என்ன? இப்போ கேக்குதே, இது என்ன?"

மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டான். அடக் கடவுளே, நிஜமாகவே கேட்டது! மெல்லிசாக, விடாமல் ஒரு விசில். காலையிலிருந்து இல்லாத சத்தம் இவள் வந்ததும் எங்கிருந்து முளைத்தது?

இவள் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது? பழைய ரேடியோ பார்க்கிறவன் என்றால் எவனும் அறை கொடுப்பதில்லை. இத்தனை செட்டையும் தூக்கிக்கொண்டு தெருவிலா நிற்பது? சுவரிலிருந்து ஆசிலேட்டரின் பிளக்கையே பிடுங்கிப் போட்டான். விசில் நிற்கவில்லை.

"பேட்டரி வெச்சிருப்பே! உன் தில்லுமுல்லு எனக்குத் தெரியாதா? இன்னிக்கே மூட்டையைக் கட்டு. என்னங்க, நான் சொல்றது சரிதானே?"

வீட்டுக்காரர் தலையாட்டினார்.

"ஐயா, நீங்களாச்சும் நியாயம் சொல்லுங்க. பிளக்கைப் புடுங்கின பெட்டி எப்படிங்கய்யா கத்தும்?"

அதற்கும் தலையாட்டினார்.

மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. "இதோ பாருங்கம்மா. எங்க தொழில்ல சத்தம் வந்தா, அது எங்கே பொறக்குதுன்னு பாத்துதான் கை வைப்போம். இப்பவும் அப்படியே பாத்துடலாம். என் மேஜையிலதான் பொறக்குதுன்னா நானே வெளியே போறேன். இல்லன்னா, காலி பண்ணுங்கற பேச்சை நீங்க இனிமே எடுக்கவே கூடாது."

"அதையும்தான் பாத்துடுவோமே!"

அலமாரியிலிருந்து ஸ்கோப்பை இறக்கி வைத்து, அதன் பிளக்கைச் சுவரில் செருகினான். இன்னொரு பெட்டியா என்று அவள் முறைத்தாள். அதன் வட்டத் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. ஒரு மைக்கை நீள வயரில் கோத்து, ஆம்ப்ளிஃபையர் வழியாக அதில் மாட்டினான். "மைக்ல சத்தம் எவ்வளவு விழுதோ, இந்தக் கோடு அவ்வளவு துள்ளும்."

"யாரை ஏமாத்தப் பாக்குறே? என் வீட்டுல இருந்துக்கிட்டு..."

கோடு திரையை விட்டே தெறித்து ஓடியது.

"அம்மா, அது நீங்க! தயவுசெஞ்சு கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

அந்த வீட்டில் இதுவரை யாரும் அவளிடம் சொல்லத் துணியாத வார்த்தை. கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டை மடித்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே வீட்டுக்காரர் எட்டி எட்டித் திரையை வேடிக்கை பார்த்தார்.

மெக்கானிக் மைக்கை ஆசிலேட்டர் அருகே கொண்டுபோனான். கோடு லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். ரேடியோ, அலமாரி, ஜன்னல் என்று எங்கே காட்டியும் அதே நடுக்கம்தான். வாசல் பக்கம் திருப்பியதும் கோடு அலை அலையாக எழும்பியது.

அவன் அவளை நோக்கி நடந்தான். அலை பெருத்தது. "என்னையா சோதிக்கிறே?" என்பதுபோல் அவள் கண்ணை உருட்டினாள். அவளைத் தாண்டிப் போனான். வீட்டுக்காரரின் சட்டைப் பைக்கு நேராக மைக்கை நீட்டியபோது திரை முழுக்கப் பச்சை அலை அடைத்துக்கொண்டு நின்றது.

வீட்டுக்காரம்மா சட்டென்று திரும்பினாள். "உங்க பையில என்னங்க இருக்கு?"

அவரோ தன் பக்கம் நீட்டிய மைக்கைத்தான் புரியாமல் பார்த்தார். மெக்கானிக் பையைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் விரலை விட்டு, பட்டாணி அளவில் எதையோ வெளியே எடுத்தார். மகள் வந்தபோது வாங்கிக் கொடுத்த, அணைக்காமல் கழற்றினால் விசிலடிக்கும் காது மெஷின். மூடிய கைக்குள் அது இன்னும் பலமாக வீறிட்டது.

அவர் அதை நிதானமாகக் காதில் பொருத்திக்கொண்டார். விசில் நின்றது. பச்சைக் கோடு படுத்துவிட்டது.

மனைவி பக்கம் திரும்பாமல், மெக்கானிக்கின் தோளைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"தம்பி, அவ பேசி முடிச்சாச்சா?"