மாமியார் காலி

காலையில் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மருமகள் தன் மாமியாரைக் காலி செய்துவிட்டாள். யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அடுத்த படத்துக்குப் போனாள்.

படம் பார்ப்பதுதான் அவள் வேலை. காப்பகக் காட்டில் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்கள். எது அசைந்தாலும் அது படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பும். படத்தில் இருப்பது என்ன என்று பார்த்து அவள் பொத்தானை அழுத்த வேண்டும்.

சிறுத்தை என்றால் படம் நேராகத் தலைமையகத்துக்குப் போகும். மனிதர் என்றால் வனக்காவலர்களின் போனுக்குப் போகும். மான், முயல், பன்றிக்கெல்லாம் அந்த மரியாதை கிடையாது. எண்ணிக்கையில் ஒன்று கூடும், அத்தோடு சரி. ஒன்றுமே இல்லையென்றால் 'காலி'.

இன்று வந்த படத்தில் ஓடை இருந்தது, பாறை இருந்தது, பாறைமேல் மாமியார் இருந்தார். பக்கத்தில் சுள்ளிக்கட்டு. உடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து இவள் பார்த்ததே இல்லை.

போன மாதம் மூன்றாவது வீட்டு அக்கா புதர் மறைவில் ஒதுங்கிய படம், இப்படித்தான் காவலர்களின் போனுக்குப் போனது. அங்கிருந்து கடைத்தெரு முழுக்கப் போனது. அக்கா அதன்பிறகு வாசல் பக்கம் தலைகாட்டவில்லை.

ஆகவே, மாமியார் காலி.

சாப்பாட்டு நேரத்துக்குள் மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிட்டார். ஆபீசில் அவருக்குக் 'கழுகு' என்று பெயர். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம்.

போகிற வழியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காப்பகத்தில் ஒரே வருடத்தில் மான்கள் மூன்று மடங்காகிவிட்டனவாம். ஓடைக்கரையில் பட்டப்பகலிலேயே கூட்டம் கூட்டமாக வருகின்றனவாம். இயக்குநரே போன் போட்டு வாழ்த்தினாராம். ஒரு துண்டை அவள் கையிலும் திணித்தார்கள். அதைக் கடிக்காமலே ஒரு மேசையில் வைத்துவிட்டு நடந்தாள்.

"கதவைச் சாத்திட்டு வாம்மா" என்றார் மேற்பார்வையாளர்.

திரை முழுக்க மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன தெரியுது?"

"ஓடை சார்."

"அப்புறம்?"

"பாறை."

"பாறை மேல?"

"வெயில் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "வெயிலுக்குப் பல்லு இருக்காம்மா?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"எங்க அத்தை சார். வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அந்த ஓடைக்குத்தான் போறாங்க. காப்பகம்னு பலகை நட்டது போன வருஷம்தானே? மிருகத்தைக் காப்பாத்தத்தான சார் கேமரா வச்சிருக்கு? அவங்க எதையும் கொல்லல, எதையும் வெட்டல. கீழ விழுந்த சுள்ளியத்தான் பொறுக்குறாங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வேலை போனாலும் போகட்டும் சார். படத்தை மட்டும் காவலருங்களுக்கு அனுப்பிடாதீங்க. அத்தை மானஸ்தி. தாங்க மாட்டாங்க."

"நீ 'காலி'ன்னு போட்டது தப்பு."

"தெரியும் சார்."

"தெரியல. என்ன அசைஞ்சுதுன்னு மெஷினுக்குத் தெரியாது. ஆனா என்னமோ அசைஞ்சுதுன்னு தெரியும். காலின்னு சொன்னா நம்பாது, இன்னொருத்தர் பார்க்கட்டும்னு தள்ளிவிட்டுடும். இன்னிக்கு என்கிட்ட வந்துச்சு. நாளைக்கு நான் லீவுல இருந்தா நேரா தலைமையகத்துக்குல்ல போகும்?"

அவள் விசும்பலை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

மேற்பார்வையாளர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். 'காலி' என்று இருந்ததை அழித்தார். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை.

"மான்னு போடும்மா. இங்க எல்லாரும் அப்படித்தான் போடுறோம்."