பன்னிரண்டு கால் தொட்டியின் போராளி

தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்றவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். கீழே கூடியிருந்த பரவை ரோட்டுக் காலனி மொத்தமும் பதிலுக்கு விசிலடித்தது.

மதுரைப் பக்கம் ஒருவன் தொட்டி மேல் ஏறிவிட்டால் என்ன ஏது என்று விசாரிக்க வேண்டியதில்லை. பட்டா கிடைக்காதவன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவன், தெருவிளக்கு எரியாதவன் எல்லாரும் ஏறுகிற இடம் அது. இந்தத் தொட்டியை வருகிற திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். அதைத் தடுக்கத்தான் புண்ணியவான் ஏறியிருக்கிறான் என்று பத்தே நிமிடத்தில் ஊர் முடிவு செய்துவிட்டது.

தொட்டிக்கு எதிர்வீட்டுப் பேயாண்டி வாத்தியாருக்கு மட்டும் வயிறு எரிந்தது. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். தொட்டியின் பன்னிரண்டு தூண்களையும், தூணுக்குத் தூண் வளைந்து இறங்கும் ஆர்ச்சுகளையும், உச்சியில் குடை கவிழ்த்தாற்போல் உட்கார்ந்திருக்கும் மூடியையும் படம் படமாக வரைந்து, பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆறு வருஷமாக மனுக் கொடுப்பவர். அவர் எதிரே வந்தாலே தூண் பேச்சுக்குப் பயந்து ஆட்கள் சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். இன்றைக்கு யாரோ ஒரு அரைக்கைச் சட்டைக்காரன், ஒரே மணி நேரத்தில் டிவிக்காரர்களை வரவழைத்துவிட்டான்.

"ஆளு வெவரந்தான் வாத்தியாரே" என்றாள் வடைக்கடை முத்துத்தாய். "போலீசு ஏறி வந்துரக் கூடாதுன்னு ஏணியில நாலு படிய ஒடிச்சுத் தள்ளிட்டுல்ல நிக்கிறான்."

மேலே இருந்தவன் வாயில் கை குவித்து ஏதோ கத்தினான். அறுபதடி உயரம். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கீழே கைதட்டல் கிளம்பியது. ஒரு சொல்லும் காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் யாருக்கும் இருக்கவில்லை.

மைக் நீட்டப்பட்டபோது வாத்தியார் ஒரு நொடிதான் யோசித்தார்.

"நம்ம மாணவன்தான். ஆர்ச்சுன்னா என்னன்னு கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

சொன்ன மாத்திரத்தில் வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது. முத்துத்தாய் வடையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆறு வருஷமாக மேசை மாறாத ஃபைல், அரை மணியில் அதிகாரியோடு ஜீப்பில் வந்து இறங்கியது. தொட்டியை இடிக்க மாட்டோம், இறங்கி வா என்று அவர் மெகாஃபோனில் கெஞ்சினார். மேலே இருந்தவன் பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினான். வாய்ப்பேச்சை நம்ப மாட்டானாம், எழுத்தில் கேட்கிறானாம். வாத்தியார்தான் விளக்கம் சொன்னார்.

அதிகாரி கேமராவைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார். தொட்டி இனி பாரம்பரியச் சின்னம், யாரும் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. இத்தனை நாளும் தூணடியில் குப்பை கொட்டியவர்கள், அதே தூணைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

தீயணைப்புக்காரர்கள் தங்கள் ஏணியைப் போட்டு ஆளை இறக்கினார்கள். கால் தரையில் படுமுன்பே கழுத்தில் மாலை விழுந்தது. சோடா வந்தது. அதிகாரி உத்தரவை அவன் கையில் கொடுத்தார். வாசித்தவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

கூட்டமும் கண்ணைத் துடைத்துக்கொண்டது. வாத்தியார் எல்லா மைக்குகளுக்கும் தெரிகிற மாதிரி அவன் தோளைத் தட்டினார். "அழாதப்பா. இம்புட்டுப் போராடி ஜெயிச்சுட்டு அழலாமா?"

"யாருய்யா போராடுனது? அளவெடுக்க ஏறுனவன் படி ஒடிஞ்சு எறங்க வழியில்லாமக் கத்துனா, கைதட்டுறீக" என்றவன் மாலையைக் கழற்றி வீசினான்.

"இத இடிக்கிற காண்ட்ராக்டரே நான்தான்யா."