பாயோடு ஒட்டிய மாப்பிள்ளை

“என்ர தம்பியைப் பாயோட ஒட்ட வைச்சிட்டியேடி!”

யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, மாகோவில் மாறி, மட்டக்களப்பில் இறங்கி, பஸ் பிடித்துக் களுவாஞ்சிக்குடிக்கு வந்து சேர்ந்த சின்னத்தங்கம் அக்கா, தம்பி பெண்சாதி நீட்டிய செம்புத் தண்ணீரைக்கூட வாங்காமல் சொன்ன முதல் வார்த்தை இது.

மட்டக்களப்புப் பெண்கள் வசிய மருந்து கொடுத்து ஆம்பிளையைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கண்ணால் கண்டவர்தான் ஒருவருமில்லை.

தம்பி வினாயகமூர்த்தி பள்ளிக்கூட வாத்தியார். மாற்றலாகி வந்த இடத்தில் அன்னப்பூரணியைக் கலியாணம் முடித்து, அவள் வீட்டிலேயே இருந்துவிட்டான். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருகிறவன். அதுவே அக்காவுக்குச் செமிக்கவில்லை.

இப்போது தம்பி உண்மையாகவே பாயில் கிடந்தான். இரண்டு மாதமாக அந்திப்பட்டால் காய்ச்சல். மூட்டெல்லாம் உளைவு. ஆள் பாதியாகிவிட்டான்.

அக்கா சுறாப்புட்டு அவித்துக் கொடுத்தாள். தொடவில்லை. எள்ளுருண்டை கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்னப்பூரணி இளஞ்சூட்டில் கஞ்சி கொண்டுவந்தாள். மடமடவென்று குடித்தான்.

“பார்! அவளின்ர கையால மட்டும் குடிக்கிறான். இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?”

“அவருக்குச் சுகமில்ல மச்சாள். அவ்வளவுதான்.”

“வாற வெள்ளிக்கிழமை இவனை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். அங்கயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலும் எடுப்பிக்கிறன்.”

அன்னப்பூரணி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அங்கே போகிற மனுசனைத் திருப்பி அனுப்புவார்களா? அழுகை வந்தது, கூடவே ரோசமும் வந்தது.

“கூட்டிப் போங்க. ஆனா, நான் மருந்து போட்டனா இல்லையா எண்டு முதல்ல ஒரு மந்திரவாதிய விட்டுப் பாருங்க. ஆளையும் நீங்களே தேடுங்க. போடயில்ல எண்டு அவர் சொன்னா, என்ட புருசன் என்னோடதான்.”

“சரியடி!”

அக்கா சும்மா விடுவாளா? பெரியகல்லாறு வரைக்கும் போய், பெரிய கைகாரர் என்று பேரெடுத்த மந்திரவாதியைக் கூட்டிவந்தாள்.

அவர் தேசிக்காய் வெட்டினார். வேப்பிலை அடித்தார். பிறகு வினாயகமூர்த்தியின் முகத்தருகே குனிந்து அதட்டினார்.

“ஆர் நீ? வாயைத் திறந்து பேரைச் சொல்லு!”

அவன் வாயைத் திறந்தான். மந்திரவாதி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார்.

பிறகு அவனை வெளிச்சத்துக்குத் திருப்பி வாய்க்குள்ளே பார்த்தார்.

“கடவாய்ப் பல்லில பெரிய கிடங்கு. பல்லைச் சுத்தியிருக்கிற முரசெல்லாம் சீழ். இது பேயும் இல்ல, மருந்தும் இல்ல அம்மா. டவுனுக்குக் கொண்டுபோய்ப் பல்லு டாக்குத்தருக்குக் காட்டுங்க.”

மிச்சத் தேசிக்காயை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

“பல்லுவலியெண்டு ஏன்டா சொல்லேல்லை?” அக்கா தம்பியிடம் பாய்ந்தாள்.

“குறட்டால பல்லைப் புடுங்கிப்போடுவினம் எண்டு பயம், அக்கா,” என்றார், பிரம்பெடுத்தால் பள்ளிக்கூடமே நடுங்கும் வாத்தியார்.

மட்டக்களப்புப் பல்லு டாக்குத்தர் பல்லுப் பிடுங்கும் குறட்டைத் தொடவேயில்லை.

“பல்லு பலமாத்தான் கிடக்கு. பழுது வேருக்குள்ள. அதைத் துப்புரவாக்கி அடைச்சா பல்லும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார். அங்க ஊறுற நஞ்சுதான் இவரை உருக்கியிருக்கு.”

மயிர் போன்ற ஊசியொன்றை வேருக்குள் விட்டு மெல்ல இழுத்தார். நுனியில் நூல்போல ஏதோ வந்தது.

“நூல்! செய்வினை நூல்!” அக்கா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். “நான் சொன்னனான் தானே!”

“இது அழுகின நரம்பு அம்மா. எல்லாற்ற பல்லுக்குள்ளயும் நரம்பு கிடக்கு. உங்கட பல்லுக்குள்ளயும்தான்.”

அக்கா அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அன்னப்பூரணிக்கு அதுவே பாதிச் சுகம்.

இன்னும் மூன்று தடவை டவுனுக்குப் போய்வந்தார்கள். கடைசித் தடவை டாக்குத்தர் வேரை அடைத்துவிட்டார். அதற்குள் காய்ச்சல் விட்டது. மூட்டு உளைவு போனது. பசி வந்தது. ஒரு மாதத்தில் வாத்தியார் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போய், வீட்டுக்கு வந்து, ஒரு சட்டி நண்டுக்கறியைத் தனியாளாய்க் காலிபண்ணினார். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாயிற்று.

அக்கா ஊருக்குப் புறப்படும் நாள் வந்தது. தம்பியைக் கூட்டிப்போகும் பேச்சே இல்லை. அன்னப்பூரணியை மட்டும் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

“அன்னம், ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியே?”

மன்னிப்புத்தான் கேட்கப்போகிறாள் என்று அன்னப்பூரணிக்கு மனம் இளகிவிட்டது.

“கோவமே இல்ல மச்சாள். நீங்க ஏசினதெல்லாம் நான் அப்பவே மறந்திட்டன்.”

“அதில்லையடி...” அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “என்ர மனுசன் மலாயாவுக்குப் போய் ஆறு வருசம். ஒரு கடிதமுமில்லை. உங்கட அந்த வசிய மருந்து... தபாலில அனுப்பினாலும் பிடிக்குமோ?”