காணாமல் போன ஏழு பெண்கள்

"அந்த ஏழு பொம்பளைங்களையும் எங்க வச்சிருக்க?" என்று தாசில்தார் மூன்றாவது முறையாகக் கேட்டார். தான் எடுக்கவில்லை என்று குமாஸ்தா முனியசாமியும் மூன்றாவது முறையாகச் சொன்னான். ரெக்கார்டு ரூம் வாசலை அடைத்தபடி ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் என்றால் உயிருள்ளவர்கள் இல்லை. எண்பத்தேழாம் வருஷம் உப்பூர்ப் பக்கம் கிணறு தோண்டியபோது கிடைத்த ரோமாபுரிக் காசுகளில் இருந்தவர்கள். ஒருத்தி தராசு பிடித்திருந்தாள், ஒருத்திக்கு இறக்கை, இன்னொருத்தி ஈட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

காசுகள் தாலுகா ஆபீசுக்கு வந்த அன்று ராமநாதபுரத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் மீரா சாகிபுவை வரவழைத்துப் படம் எடுத்தார்கள். கல்யாணமும் பாஸ்போர்ட்டும் எடுத்துப் பழகிய மனிதர். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் காசில் மூக்கு தெரியும் என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. இரண்டு காசில் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்ததால் அதற்குப் பிலிம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

அவர் போனபின் ஒரு மணி நேரம் காசுகள் முனியசாமியின் மேசையில் கிடந்தன. பிறகு பஞ்சில் பரப்பிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அரக்கு முத்திரை போட்டு ரெக்கார்டு ரூமில் பூட்டினார்கள். பட்டியல் எழுதும்போது எண்ணிக்கொள்ளலாம் என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பத்து நாளில் படங்கள் வந்தன, பின்னால் ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டு. பட்டியல் எழுதும் வேலை முனியசாமிக்கு வந்தது. மூன்று வருஷமாகத் தற்காலிகத்தில் இருப்பவன், இதைச் சரியாகச் செய்தால் நிரந்தரமாகிவிடும் என்று தாசில்தார் சொல்லியிருந்தார்.

லைப்ரரி புத்தகமும் பூதக்கண்ணாடியுமாக இரண்டு வாரம் அவன் வேறு நினைப்பே இல்லாமல் கிடந்தான். தாடி, முடியில் சூடிய இலைவளையம், தலையைச் சுற்றி ஓடும் எழுத்து எல்லாம் பார்த்து எந்த ராஜா என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான். எண்ணுக்கு ஒரு வரியாகப் பதினாறு வரி எழுதிக் கலெக்டருக்கு அனுப்பினான். அவனுக்கே அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இன்று காலை பெட்டியோடு பட்டியலை ஒத்துப்பார்த்தார்கள். கண்ணாடிக்குள் ஒன்பது காசுதான் இருந்தது. ஒன்பதும் ராஜாக்கள், ஒரு பெண்கூட இல்லை. மெட்ராஸ் அதிகாரி வரும்வரை முத்திரையில் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு.

அம்மன் உருவம் போட்ட காசு என்றால் ராமேஸ்வரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதனால்தான் பெண்களாகப் பொறுக்கியிருக்கிறான் என்று எஸ்.ஐ. கணக்குப் போட்டார். முனியசாமியின் பையையும் தூக்குச்சட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. இனி அவன் பெண்டாட்டி முத்தழகு கழுத்தில் போட்டிருக்கும் காசுமாலையைப் பார்க்க ஆள் போகப்போகிறது.

அதைக் கேட்டதும்தான் முனியசாமிக்கு அழுகை முட்டியது. ஊர் பார்க்க அவள் கழுத்திலிருந்து கழற்றுவார்கள். வேலையை அரைகுறையாகச் செய்திருந்தால் இந்நேரம் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கலாம். அவன் குண்டுகுண்டாக எழுதிய பட்டியலே அவனைப் பிடித்து உள்ளே தள்ளியிருந்தது.

மூன்று மணிக்கு மீரா சாகிபுவை அக்காள்மடத்துக் கல்யாண வீட்டிலிருந்து ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். தோளில் கேமராவோடு பயந்துபோய் நின்றார். பதினாறு படம்தானே எடுத்தீர் என்று எஸ்.ஐ. கேட்டார்.

"ஆமா சார், சரியாப் பதினாறு."

கடைசி நம்பிக்கையும் போயிற்று. எஸ்.ஐ. பேனா மூடியைக் கழற்றினார். சாகிபு மட்டும் பட்டியலை வாங்கி மெதுவாகப் படித்தார், கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து விரல்விட்டு எண்ணினார், பிறகு முனியசாமியிடம் திரும்பினார்.

"தம்பி, நீங்க காசக் கையில எடுத்துப் பாத்தீங்களா, படத்த மட்டும் பாத்தீங்களா?"

படத்தை மட்டும்தான் என்று அவன் தலையசைத்தான்.

சாகிபு தாசில்தாரைப் பார்த்தார்.

"காசத் திருப்பிப் போடுங்க சார், ஏழு பேரும் அந்தப் பக்கம் இருக்காங்க."