கயிறு பிடிக்க ஒரு மச்சான்

"மச்சான் இல்லாம கூண்டு இறங்காது அண்ணாச்சி," என்றான் படகுக்கார ரோச்.

செந்தில்முருகனுக்கு முகம் கடுத்துவிட்டது. சாத்தான்குளத்தில் தன் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சுறாவை நேருக்கு நேர் பார்க்கப் போவதாகத் தம்பட்டம் அடித்துவிட்டு, மனைவி ரம்யாவோடு தூத்துக்குடிக்கு வந்திருக்கிறான். இரும்புக் கூண்டுக்குள் நின்றபடி கடலில் இறங்கினால், சுறா கைக்கெட்டும் தூரத்தில் வந்து போகுமாம்.

"கூண்டுக்கும் மச்சானுக்கும் என்னவே சம்பந்தம்?"

"முத்துக் குளிச்ச காலத்துலேருந்து எங்க வழக்கம். கீழ போறவரு ஆபத்துன்னா கயித்தை ஆட்டுவாரு. மேல அதைப் பிடிச்சிருக்கது அவரு மச்சானாத்தான் இருக்கணும். தங்கச்சி தாலி நெனப்பு இருக்கவன் கயித்தை விடமாட்டான்."

ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அண்ணன் மகாராஜன் இதே ஊரில்தான் இருக்கிறான். இவர்களுடைய புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார்கள் என்று அவன் வரவில்லை. அவன் வரவில்லை என்று செந்தில்முருகன் பேசவில்லை. அடுத்த மாதம் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? புருஷனிடம் கேட்கப் பயந்தே ரம்யா பாதியாக இளைத்துவிட்டாள்.

"உம்ம வழக்கமும் வேண்டாம், சுறாவும் வேண்டாம்," என்று கத்திவிட்டுச் செந்தில்முருகன் நடந்தான். ரோச் அசையவில்லை. போனவன் திரும்பி வந்தான்.

"ஏளா, ஒங்க அண்ணனுக்குப் போனைப் போடு. சுறா பாக்கணுமே, வேற என்ன செய்ய?"

பெற்ற மகளைவிட இந்த மனுஷனுக்குச் சுறா பெரிதாகிவிட்டதே என்று ரம்யாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மகாராஜன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு பைக்கில் வந்து நின்றான்.

செந்தில்முருகனோடு கடலில் கூண்டு இறங்கியது. மகாராஜன் உள்ளங்கை சிவக்கக் கயிற்றைப் பிடித்திருந்தான். "ஏ ரோச்சு, கயிறு ஆடுதா, இல்ல அலையா?" என்று கேட்டுக் கேட்டே ரோச்சின் உயிரை வாங்கினான்.

மேலே வந்த செந்தில்முருகன் ஈரம் சொட்டச் சொட்ட அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், சுறா மூஞ்சிய கிட்டப் பாத்தேன். நீரு பால்காய்ப்புக்கு வராத அன்னிக்கு ஒம்ம தங்கச்சி மூஞ்சி இருந்த மாதிரியே இருந்துச்சு."

மகாராஜன் சிரித்துவிட்டான். "போன் போட்டுக் கூப்பிட்டீரே மாப்ள, அது போதும்."

"போதாது. பாப்பா காது குத்துக்கு ஆத்தூர் வெத்தலையோட வீட்டுக்கே வந்து அழைக்கேன்."

ரம்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கரைக்கு வந்ததும் ஆண்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். ஏரலிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்று படகில் ஏறிக்கொண்டிருந்தது.

"இவருக்கு மச்சான் வரலையா?" ரம்யா ரோச்சிடம் கேட்டாள்.

"எதுக்கு தங்கச்சி? கூண்டுக்குள்ளயே பட்டன் இருக்கு. அமுக்குனா மோட்டார் தூக்கிரும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரை மட்டும் ஏன் அந்தப் பாடு படுத்துனீங்க?"

ரோச் தலையைச் சொறிந்தான்.

"அவருதான் நேத்தே போன் பண்ணிச் சொன்னாரு. 'மச்சான் வந்தாத்தான் கூண்டு இறங்கும்னு சொல்லும். நான் என்ன கத்து கத்துனாலும் விட்டுக்குடுக்காதேயும்'னு."